மலையகத்துல ஒங்க பேரும் விழணும்னா: புதுசா வர்றவங்களுக்கு

இலங்கையில தேயிலைத் தோட்டம் நெறஞ்ச எங்க மலையகத்துல, அட்டன்ல இருந்து பொகவந்தலாவ பஸ்ஸுலயோ மஸ்கெலியா பஸ்ஸுலயோ ஏறி உக்காந்தீங்கன்னா, பஸ் ரெண்டு வளைவு திரும்புறதுக்குள்ள பக்கத்து சீட்டு அம்மா கேட்டுருவாங்க, "நீங்க எந்த தோட்டம்?" பேரு கேக்க மாட்டாங்க, வேலை கேக்க மாட்டாங்க, மொதல்ல தோட்டம்தான். தோட்டத்த சொன்னா டிவிஷன், டிவிஷன சொன்னா மேட்டு லயமா பணிய லயமா (லயம்னா தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற வரிசை வீடு), அதையும் சொல்லிட்டா "அப்ப பிள்ளைக்காம்பரா பக்கத்து பாட்டிக்கு நீங்க என்ன முறை"ன்னு (பிள்ளைக்காம்பரான்னா வேலைக்கு போறவங்க சின்னப் பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்) போயிக்கிட்டே இருக்கும், எறங்குறதுக்குள்ள எப்பிடியும் ஒரு சொந்தத்த கண்டுபிடிச்சுருவாங்க.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, கொழும்புன்னு வெளிய இருந்து இங்க வேலைக்கு வர்றவங்ககிட்ட இந்த கேள்விக்கு பதில் இருக்காது. டீச்சரா, நர்ஸா, பேங்க்ல, பிரதேச செயலகத்துல, இல்லன்னா கல்யாணம் கட்டிக்கிட்டு வர்றவங்களாவும் இருக்கலாம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்துல பொறந்தவ, இப்ப 14 வருஷமா டீச்சர். வருஷா வருஷம் எங்க ஸ்கூலுக்கு புதுசா ஆளுங்க வர்றாங்க, அதுல சில பேர் ஒரே வருஷத்துல எங்க வீட்டு ஆளா ஆயிருவாங்க, சில பேர் அஞ்சு வருஷம் இருந்தும் விருந்தாளியாவே போயிருவாங்க. ரெண்டையும் பக்கத்துல இருந்து பாத்ததால இத எழுதுறேன்.

ஒரு சொல்ல மொதல்லயே சொல்லிக்குடுத்துர்றேன். தோட்டத்துல 'பேர்'ன்னா கூப்பிடுற பேரு மட்டும் இல்ல. காலையில பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற எடத்துக்கு போயி, மலையில நின்னு, சொன்ன கிலோவ எடுத்துக் குடுத்தா செக்ரோல்ல, அதாவது சம்பளப் பதிவுல, ஒரு நாள் சம்பளம் விழும், அதுக்குத்தான் பேர்ன்னு சொல்லுவோம். கிலோ கொறஞ்சா அரப்பேர். அந்தியில மலையில இருந்து எறங்கி வரும்போது "இன்னைக்கு பேர் விழுந்துச்சா"ன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்குவாங்க. நேத்து விழுந்தது நேத்தோட சரி, இன்னைக்கு திரும்ப மலை ஏறணும். வெளிய இருந்து வந்த ஒருத்தர் இங்க எங்க ஆளா ஆகுறதும் இதே கணக்குதான்னு நான் நெனைக்கிறேன்.

வர்றதுக்கு முன்னாடி: சில சொல்ல வீட்டுலயே விட்டுட்டு வாங்க

'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி', 'வடக்கத்தியான்'. இந்த மூணும் எங்க தாத்தாமாரு காலத்துல இருந்து எங்க மேல எறிஞ்ச கல்லு. வெளையாட்டுக்கும் சொல்லாதீங்க, ஃப்ரெண்ட்ஸ் க்ரூப்புல மெசேஜா கூட போடாதீங்க, பிள்ளைங்க கண்ணுல பட்டுச்சுன்னா நீங்க நாளைக்கு எவ்வளவு நல்லா பாடம் எடுத்தாலும் அது அவங்க காதுல ஏறாது.

அப்ப என்னன்னு சொல்றது? மலையகத் தமிழர்ன்னு சொல்லுங்க. கவர்மெண்ட் பேப்பர்ல ரொம்ப காலமா 'இந்தியத் தமிழர்'ன்னுதான் போட்டாங்க, 2012 சனத்தொகைக் கணக்கெடுப்புல அந்த பேருக்கு கீழ எட்டு லட்சத்துக்கு மேல ஆளுங்க. எங்க பிள்ளைங்களுக்கு இந்தியான்னா டிவியில பாக்குற நாடு, அவங்களுக்கு இந்த மலைதான் ஊரு, அதனால மலையகத் தமிழர்ங்கிற பேர கேட்டு வாங்குறதுக்கு ரொம்ப பேர் ஒழைச்சிருக்காங்க. ஆனா ஒரு வயசான ஐயா "நாங்க இந்திய வம்சாவளி"ன்னு சொன்னா அவர திருத்தப் போகாதீங்க, அந்த சொல்லுக்குள்ள அவரோட அப்பா அம்மா இருக்காங்க.

இத ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, பேரு மறைச்ச கஷ்டம் எனக்கு தெரியும். இருபது வயசுல கொழும்புல ஒரு கடையில கணக்கு எழுதுற வேலைக்கு போனேன். ரூம் குடுத்த வீட்டுக்காரம்மா தமிழ் ஆளுதான், எந்த ஊருன்னு கேட்டாங்க, 'கண்டி'ன்னு சொன்னேன். எங்க பக்கத்து பிள்ளைங்க நெறைய பேர் அப்பிடித்தான் சொல்லுவாங்க, கண்டி பக்கமே போகாதவங்களும் கண்டின்னுதான் சொல்லுவாங்க, அந்த காலத்துல தமிழ்நாட்டுல இந்த மலைய மொத்தமா 'கண்டிச் சீமை'ன்னு சொன்னதால அது முழுப் பொய்யும் இல்லன்னு மனச தேத்திக்கலாம். நாலு மாசம் கழிச்சு எங்கம்மா என்ன பாக்க வந்தாங்க. அவங்க கையப் பாத்தே வீட்டுக்காரம்மாவுக்கு வெளங்கிருச்சு, கொழுந்து எடுக்குற கை, வெரல் நுனியெல்லாம் கறுப்பு கறை, எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. அடுத்த நாள் காலையில எனக்கு தேத்தண்ணி வேற கிளாஸ்ல வந்துச்சு, அதுக்கு முந்தி நான் குடிச்ச கிளாஸ் அலுமாரிக்குள்ள போயிருச்சு. ஒரு வார்த்தையும் பேசல. அந்த கிளாஸ் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, பச்ச பூ போட்டது.

மொத வாரம்: எல்லாருக்கும் 'நீங்க'

தோட்டத்துல தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணின்னு மேல இருந்தவங்க எல்லாரும் தலமொறை தலமொறையா எங்க ஆளுங்கள வா போன்னுதான் கூப்பிட்டாங்க, அறுபது வயசு பாட்டிய இருபத்தஞ்சு வயசு பையன் நீன்னு சொல்றத கேட்டுத்தான் நாங்க வளந்தோம். அதனால இங்க 'நீங்க'ங்கிற சொல்லுக்கு மத்த எடத்துல இல்லாத கனம் இருக்கு. ஸ்கூலுக்கு வர்ற அம்மா மலையில இடுப்புல கட்டுற படங்கோட, ஈரத்தோட, கூடைய கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வந்து நிப்பாங்க. "வாங்கக்கா, உக்காருங்க"ன்னு சொல்லி ஒரு கதிரைய இழுத்துப் போடுங்க. பாதி பேர் உக்கார மாட்டாங்க, கூச்சப்படுவாங்க, இருந்தாலும் போடுங்க. அந்த செய்தி அன்னைக்கு அந்திக்கே லயம் முழுக்க போயிரும்.

யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு தனியா ஒண்ணு. நீங்க வயசுல சின்னவங்கள மரியாதையா 'நீர்'ன்னு கூப்பிடுவீங்க, இங்க அப்பிடி ஒரு வழக்கு இல்ல, கேட்டா எதோ அதட்டுற மாதிரி கேக்கும். பிள்ளைங்கள நீன்னே சொல்லுங்க, பெரியவங்கள நீங்கன்னு சொல்லுங்க, அதோட சரி.

ரெண்டாவது வாரம்: குடுக்குற தேத்தண்ணிய குடிங்க

எனக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்.

ஒரு பிள்ளை நாலு நாள் ஸ்கூலுக்கு வரலன்னு நீங்க லயத்துக்கு தேடிப் போறீங்கன்னு வைங்க. பழைய லயம்னா 10க்கு 12 அடி காம்பரா, முன்னுக்கு ஒரு ஸ்தோப்பு (திண்ணை), அதுக்குள்ளதான் அடுப்பு, படுக்கை, சாமி படம், புத்தகம் எல்லாமே. நீங்க வாசல்ல நிக்கும்போதே உள்ளுக்கு ஒரு சத்தம் கேக்கும், தண்ணி வைக்கிற சத்தம். பக்கத்து காம்பராவுக்கு பொம்பளப்பிள்ளை ஓடும், சீனி கடன் வாங்க. நீங்க ஒடனே "ஐயோ வேணாம், நான் இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்"ன்னு சொல்லுவீங்க, அவங்களுக்கு செலவு வைக்கக் கூடாதுன்னு நல்ல மனசுலதான் சொல்லுவீங்க. அவங்களுக்கு அது அப்பிடி கேக்காது. சாதிய சொல்லி, லயத்து சுத்தத்த சொல்லி, எங்க வீட்டு தண்ணிய வேணாம்னு சொல்லிட்டுப் போனவங்க வரிசையில நீங்களும் ஒருத்தரா போயிருவீங்க.

எங்க ஸ்கூலுக்கு வடக்குல இருந்து வந்த ஒரு டீச்சர் மொத தடவை இப்பிடித்தான் வெள்ளிக்கிழமை விரதம்னு சொல்லி குடிக்காம வந்துட்டாங்க. உண்மையாவே விரதம்தான். நான் அவங்ககிட்ட வெவரத்த சொன்னேன். அடுத்த திங்கக்கிழமை அவங்களே அதே வீட்டுக்குப் போயி, "அக்கா, அண்டைக்கு விரதம், இண்டைக்கு எனக்கு ஒரு பிளேன்டீ தாங்கோ"ன்னு கேட்டு வாங்கி குடிச்சிருக்காங்க. உள்ளங்கையில சீனிய வச்சு நக்கி நக்கி குடிக்கிறது எப்பிடின்னு அந்த வீட்டு பிள்ளைதான் அவங்களுக்கு பழக்கி விட்டுச்சு. குடிக்காம வந்தது தப்புன்னு யாரும் அதுக்கப்புறம் நெனைக்கல, கேட்டு குடிச்சத மட்டும்தான் இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

சீனி வியாதி இருந்தா சீனி இல்லாம கேளுங்க, தேத்தண்ணியே ஆகாதுன்னா சுடுதண்ணி கேளுங்க. ஏதோ ஒண்ண அந்த வீட்டு கோப்பையில வாங்கி குடிங்க. ரொட்டியும் சம்பலும் குடுத்தா சாப்பிடுங்க. அடுத்த தடவை போகும்போது ஒரு பிஸ்கட் பக்கெட்டோ அரைக் கிலோ சீனியோ கொண்டு போங்க, பெரியவங்க கையில குடுக்காம பிள்ளை கையில குடுங்க.

பாஷை: மாத்திக்காதீங்க, தெரிஞ்சுக்கோங்க

புதுசா வந்த சில பேர் எங்கள மாதிரியே பேசணும்னு கஷ்டப்பட்டு 'ஆமாங்க', 'அவுங்க இவுங்க'ன்னு இழுப்பாங்க. வேணாம். நீங்க ஓம்னே சொல்லுங்க. உங்க பாஷைய நீங்க விட்டா நாங்க எங்க பாஷைய எதுக்கு வச்சிருக்கணும்னு பிள்ளைங்களுக்கு ஒரு யோசனை வந்துரும். ஒருத்தர் ஊர் பேச்ச ஒருத்தர் தெரிஞ்சு வச்சிக்கிட்டா போதும்.

ஏன்னா தெரியலன்னா இப்பிடி ஆகும். யாழ்ப்பாணத்துல 'கதைக்கிறது'தான் சாதாரணமா பேசுறது, 'பேசுறது'ன்னா ஏசுறது. இங்க பேசுறதுன்னா வெறும் பேசுறதுதான். ஒரு நாள் மூணாம் வகுப்பு பிள்ளை வந்து "மிஸ், நாளைக்கு எங்கம்மா ஒங்ககிட்ட பேச வருவாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. புது டீச்சருக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல, நான் என்ன தப்பு செஞ்சேன், அந்தம்மா ஏன் எனக்கு பேச வருதுன்னு. காலையில அந்தம்மா வந்து நின்னது கோயில் திருவிழாவுக்கு கூப்பிட.

இன்னொண்ணு, 'தாத்தா'. எங்களுக்கு தாத்தான்னா அப்பாவோட அப்பா, அம்மாவோட அப்பா. சிங்களத்துல தாத்தான்னா அப்பா. முஸ்லிம் வீட்டுல தாத்தான்னா அக்கா. நாவலப்பிட்டி டவுன்ல ஒரே துணிக்கடைக்குள்ள மூணு பிள்ளைங்க தாத்தான்னு கத்தினா ஒரு கிழவரும், ஒரு வாலிபரும், ஒரு பொம்பளப்பிள்ளையும் திரும்பிப் பாப்பாங்க. 'அய்யா'வும் அப்பிடித்தான், எங்களுக்கு அது பெரிய மரியாத, சிங்களத்துல கூடப்பொறந்த அண்ணன். கடைக்கார முஸ்லிம் ஆள 'நானா'ன்னு கூப்பிடலாம், அண்ணன்னு அர்த்தம். 'மச்சான்' மட்டும் எல்லாருக்கும் பொது.

சிங்களம் தெரியாட்டி படிச்சுக்கோங்க, ஸ்கூல் புத்தகம் வேணாம், பஸ்ஸும் சந்தையும் போதும். 'கீயத' எவ்வளவுன்னு கேக்க, 'பஹினவா' எறங்கணும்னு சொல்ல, 'ஸ்துதி' நன்றிக்கு. தப்பா சொன்னாலும் சொல்லுங்க, சிரிச்சிட்டு திருத்தி விடுவாங்க. அதே நேரத்துல ஒங்க மொழி உரிமைய விட்டுக்குடுக்காதீங்க. தமிழும் அரசகரும மொழிதான், 1987ல அரசியலமைப்போட 13ஆவது திருத்தத்துல போட்டது, நுவரெலியா மாவட்டத்து பிரதேச செயலகங்கள்ல ரெண்டு மொழியிலயும் வேலை நடக்கணும். சிங்களத்துல மட்டும் ஒரு ஃபோம நீட்டுனா "தமிழ் ஃபோம் தாங்க"ன்னு அமைதியா கேளுங்க. நீங்க படிச்ச ஆளு, நீங்க கேட்டு வாங்குனா உங்களுக்கு பின்னுக்கு வரிசையில நிக்கிற கொழுந்தெடுக்குற அக்காவுக்கும் அது கெடைக்கும்.

கொஞ்சம் வரலாறு, ஆனா ட்ரங்குப் பெட்டியில இருந்து

எங்க அம்மாயி ஒரு தகர ட்ரங்குப் பெட்டி வச்சிருந்தாங்க. கல்யாண சேலை, தாத்தாவோட ஒரு போட்டோ, அதுக்கு அடியில பிளாஸ்டிக் பையில சுத்தி ரப்பர் பேண்ட் போட்ட பிரஜாவுரிமை (குடியுரிமை) சர்டிபிகேட். வீட்டுல தீப்புடிச்சா மொதல்ல இந்த பைய தூக்கிக்கிட்டு ஓடணும்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்திருந்தாங்க. நீங்க ஒரு வீட்டுக்குப் போயி இப்பிடி ஒரு பெட்டியப் பாத்தா அதுக்கு பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

1820கள்ல கோப்பித் தோட்டத்துக்கு தமிழ்நாட்டுல இருந்து ஆளுங்கள கூட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க, மன்னார் கரையில எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க, வழியிலேயே செத்தவங்க கணக்கு இல்ல. கோப்பிக்கு நோய் வந்து அழிஞ்சதும் தேயிலை. 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவுல போட்டதுதான் மொத தேயிலைத் தோட்டம். 1947 தேர்தல்ல எங்க ஆளுங்க ஏழு பேர பார்லிமெண்டுக்கு அனுப்புனாங்க. அடுத்த வருஷமே, நாடு சுதந்திரம் வாங்குன அதே 1948ல, பிரஜாவுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலானவங்கள நாடில்லாதவங்க ஆக்கிருச்சு, பின்னாலயே ஓட்டும் போச்சு. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர பிறகு பாப்போம்னு வச்சாங்க, 1974ல அதையும் பாதி பாதியா பிரிச்சாங்க. யாருகிட்டயும் ஒங்களுக்கு எது வேணும்னு சரியா கேக்கல. ஒரே வீட்டுல அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கைன்னு விழுந்துச்சு. தலைமன்னாருக்கு அவங்கள ஏத்திக்கிட்டுப் போன ரயிலுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு 'ஒப்பாரிக் கோச்சி'. எங்க அம்மாயியோட தங்கச்சி அதுலதான் போனாங்க, நீலகிரியில கோத்தகிரி பக்கம் அங்கயும் தேயிலைதான் எடுத்தாங்க, அக்காவும் தங்கச்சியும் திரும்ப பாத்துக்கவே இல்ல. நாடில்லாம மிச்சம் இருந்தவங்களுக்கும் சட்டப்படி குடியுரிமை 2003லதான் வந்துச்சு.

அதனால வயசானவங்ககிட்ட பேச்சுக் குடுக்க ஒரு நல்ல வழி சொல்றேன். "இந்தியாவுக்குப் போன சொந்தம் யாராச்சும் இருக்காங்களா பாட்டி"ன்னு கேளுங்க. கேட்டுட்டு நேரம் எடுத்து உக்காருங்க, நடுவுல எந்திரிச்சுப் போகாதீங்க. கிளிநொச்சி, வவுனியாவுல இருந்து வர்றவங்க உங்க ஊருல இருக்குற மலையக ஆளுங்கள பத்தி சொல்லுங்க, 1977 இனக்கலவரத்துல இங்க இருந்து அடிபட்டு வன்னிக்கு போனவங்க நெறைய பேர், ஒங்க பக்கத்து வீட்டுக்காரர் இங்க யாருக்கோ பெரியப்பாவா இருப்பாரு.

2023ல, எங்க ஆளுங்க இங்க வந்து 200 வருஷம் ஆனதுக்கு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு திரும்ப நடந்தாங்க. தமிழ், சிங்கள, முஸ்லிம் ஆளுங்க எல்லாரும் சேந்து நடந்தாங்க, நம்ம எல்லாருக்கும் அது பெரிய விஷயம்.

பக்கத்து கிராமம்

தோட்டத்துக்கு கீழ ஆத்தோரமா வயல் இருக்கும், அது சிங்களக் கிராமம். மேல லயம், கீழ கிராமம், நடுவுல ஒரு ரோடு. வெளியாளுக்கு ரெண்டும் வேற வேற ஒலகம் மாதிரி தெரியும். 1840ல வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு, உரிமைக் கடுதாசி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் (காட்ட வெட்டி எரிச்சு பயிர் வைக்கிற நெலம்) முடிக்குரிய காணின்னு எடுத்து கோப்பிக்கு வித்தான், அதுல கண்டியச் சிங்கள விவசாயிக்கு நெலம் போச்சு, எங்க ஆளுக்கு ஊரே போச்சு. இத ரெண்டு பக்கமும் சரியா சொல்லிக் குடுக்கல, அதனால ஒருத்தர் மேல ஒருத்தருக்கு கோவம். கலவரம் நடந்தப்போ எங்கள அடிச்சவங்களும் கீழ இருந்துதான் வந்தாங்க, வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சு காப்பாத்துனவங்களும் கீழதான் இருந்தாங்க. எங்கம்மா ரெண்டையும் சொல்லித்தான் என்ன வளத்தாங்க.

நீங்க புது ஆளு, ஒங்களுக்கு பழைய பகை இல்ல, அத ஒரு வசதியா எடுத்துக்கோங்க. ஏப்ரல் வருஷப்பிறப்பு ரெண்டு பேருக்கும் ஒரே நாள். பக்கத்து வீட்டுல இருந்து கிரிபத்தும் (பால்சோறு) கொக்கிஸும் (எண்ணெய்ல பொரிச்ச பலகாரம்) தட்டுல வரும். தட்ட வெறுமையா திருப்பிக் குடுக்காதீங்க, வடையோ, ஒரு பிடி கற்கண்டோ, ஒண்ணும் இல்லன்னா நாலு வாழப்பழமோ வச்சுக் குடுங்க. புத்தரோட வெசாக் பண்டிகைக்கு தன்சல் (எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு குடுக்குற பந்தல்) போட்டா வரிசையில நின்னு வாங்கி சாப்பிடுங்க. கண்டி பெரஹரா பாக்கப் போனா, அதுல பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் வரும், அது நம்ம கண்ணகி. கதிர்காம தேவாலயத்து ஊர்வலம் வரும், அது நம்ம முருகன். சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமியில இருந்து வெசாக் வரைக்கும் சீசன், எங்க ஆளுங்க சிவன்பாதம்னு ஏறுறாங்க, சிங்கள ஆளுங்க புத்தர் பாதம்னு ஏறுறாங்க, முஸ்லிம்கள் ஆதம் மலைன்னு சொல்றாங்க. நல்லதண்ணியில இருந்து ராத்திரியில ஏற ஆரம்பிங்க, பாதி வழியில மூச்சு வாங்கி ஒக்காந்தீங்கன்னா யாராச்சும் ஒரு ஆச்சி முதுகத் தட்டி இஞ்சித் தேத்தண்ணி குடுப்பாங்க, எந்த சாமிக்கு ஏறுறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கேக்கக் கூடாதது, எடுக்கக் கூடாதது

சாதி கேக்காதீங்க. சுத்தி வளைச்சும் கேக்காதீங்க. இங்கயும் சாதி இருக்கு, கல்யாணத்துல நல்லாவே இருக்கு, அத மறைக்க நான் விரும்பல. சில பேர் ஒங்ககிட்ட "நீங்க எந்த ஆளுங்க"ன்னு கேப்பாங்க. "நான் டீச்சர், ஊரு இது, அப்பா இந்த வேலை"ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்துங்க.

மலையில கொழுந்தெடுக்குறவங்கள நிப்பாட்டி போட்டோ எடுக்காதீங்க. தோட்டத்துக்கு தோட்டம் 16, 18, 20ன்னு கிலோ கணக்கு இருக்கு, மழை நாள்லயும் அட்டைக் கடியிலயும் அத எடுத்தாத்தான் பேர். 2024ல அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 1350 ரூபான்னு ஆச்சு, அதுக்கே எத்தன வருஷப் போராட்டம். நீங்க அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுனா அது அவங்க கிலோ. போட்டோ வேணும்னா ஞாயித்துக்கிழமை, நல்ல சேலை கட்டியிருக்கும்போது கேளுங்க, அப்புறம் பிரிண்ட் போட்டு கொண்டு போயி குடுங்க.

பாவம்னு சொல்லாதீங்க. எங்க பிள்ளைங்க டாக்டரா, இஞ்சினியரா, லெக்சரரா இருக்காங்க, கொட்டகலையில ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில படிச்சு வந்த டீச்சர்மாரு எங்க மலை முழுக்க இருக்காங்க. ஒதவி செய்யணும்னா அந்தியில ஒரு மணித்தியாலம் கணக்குப் பாடம் சொல்லிக் குடுங்க.

வீடு எடுக்குறது பத்தி ரெண்டே வரி. வாடகைக்கு எடுக்கும்போது வீட்டுக்கு பின்னுக்கு மண் மேடு எப்பிடின்னு பாருங்க, 2014 ஒக்டோபர் 29ல மீரியபெத்தையில ஒரு லயமே மண்ணுக்குள்ள போனது எங்களுக்கு மறக்காது. கிராம சேவகர்கிட்ட போயி பதிவு செய்ங்க, நல்ல குடை, கம்பளி வாங்குங்க.

கோயில் வரி

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு தலக்கட்டுக்கு இவ்வளவுன்னு வரி போடுவாங்க. வெளியாளுன்னு ஒங்ககிட்ட கேக்க கூச்சப்படுவாங்க, கேக்கலன்னு விட்டுராதீங்க. நீங்களே தோட்டத் தலைவர்கிட்ட போயி "எனக்கும் வரி எழுதுங்க தலைவரே"ன்னு சொல்லுங்க. ஒரு பழைய கொப்பி, பேரெல்லாம் லயத்து வாரியா இருக்கும், கடைசிப் பக்கத்துல 'டீச்சர்'ன்னு எழுதுவாரு. வேற மதம்னா அன்னதானத்துக்கு ஒரு மூட்டை வெங்காயம் குடுங்க, அல்லது தேர் அன்னைக்கு தண்ணிப் பந்தல்ல நில்லுங்க. கிறிஸ்தவ டீச்சர்மாரு எத்தனையோ பேர் எங்க தேருக்கு தண்ணி ஊத்தியிருக்காங்க, நாங்களும் அவங்க நத்தாருக்கு போயிருக்கோம்.

மாசி மாசம் காமன் கூத்து நடக்குற தோட்டம்னா கட்டாயம் போங்க. அமாவாசை கழிஞ்சு காமன் கம்பம் ஊண்டுவாங்க, மன்மதன், ரதி, எமன், வீரபத்திரன்னு நம்ம தேயிலை ஸ்டோர்ல (ஃபேக்டரியில) வேலை செய்ற அண்ணன்மாருதான் வேஷம் கட்டுவாங்க. பகல்ல மருந்து தெளிக்கிற டாங்கிய முதுகுல சொமந்தவரு ராத்திரி ரதியா நின்னு அழும்போது லயமே அழும். கடைசி ராத்திரி விடிய விடிய நடக்கும். ஒன்பது மணிக்கு வந்து பத்து மணிக்கு போறவங்க வேணாம், சாக்கு விரிச்சு நம்ம பிள்ளைங்களோட உக்காந்து விடியிற வரைக்கும் பாருங்க, குளிருக்கு பக்கத்து வீட்டு கம்பளி தானா வரும்.

எவ்வளவு நாள் ஆகும்

மொத வாரமே பிள்ளைங்க கேக்கும், "மிஸ், நீங்க எப்ப போவீங்க?" ட்ரான்ஸ்பர் எடுத்துக்கிட்டு போன டீச்சர்மாரப் பாத்து பாத்து அவங்களுக்கு அது பழக்கம். அதுக்கு பொய் சொல்லாதீங்க. அஞ்சு வருஷம்னா அஞ்சு வருஷம்னு சொல்லுங்க, அந்த அஞ்சு வருஷமும் லீவு முடிஞ்சு மொத நாளே திரும்பி வாங்க. லீவுக்கு ஊருக்குப் போனா பனங்கட்டியோ, மட்டக்களப்பு முந்திரியோ கொஞ்சம் கொண்டு வந்து வகுப்புல பங்கு போடுங்க, ஒங்க ஊரையும் எங்க பிள்ளைங்களுக்கு காட்டுங்க. ஒங்க அம்மாவ ஒரு தடவை கூட்டிக்கிட்டு வாங்க, அது போதும், அதுக்கப்புறம் ஒங்கள விட ஒங்க அம்மாவத்தான் விசாரிப்பாங்க.

நாள் போகப் போக, ஒரு ராத்திரி ஒங்க கதவத் தட்டுவாங்க. லயத்துல யாராச்சும் தவறியிருப்பாங்க, எழவு சொல்ல ஒரு ஆள் டோர்ச் லைட்டோட வந்து நிப்பாரு. சொல்ல வேண்டிய வீடுகள் கணக்குல ஒங்க வீடும் வந்துருச்சுன்னு அர்த்தம். விடியட்டும்னு இருக்காதீங்க, அப்பவே போங்க. கையில ஒரு கிலோ சீனியும் தேயிலையும் எடுத்துக்கோங்க, விடிய விடிய தேத்தண்ணி ஊத்தணும். போனதும் ஒண்ணும் பேச வேணாம், பொம்பளைங்க பக்கம்னா பொம்பளைங்களோட, ஆம்பளைங்கன்னா வெளிய விறகு பொளக்குற எடத்துல, போயி உக்காருங்க. மரண சங்கத்து கொப்பி வந்தா ஒங்க பங்க குடுங்க. போகும்போது செருப்ப நல்லா மாட்டிக்கிட்டு போங்க, ராத்திரி பனியில லயத்துக் கல்படி வழுக்கும், கூட்டிக்கிட்டுப் போறவரு முன்னுக்கு டோர்ச் அடிப்பாரு, அவரு கால் வச்ச எடத்துலயே நீங்களும் கால வச்சு எறங்குங்க.